ஊசல் ஐயாவும் இரண்டு பழுப்புக் கவரும்

அந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் படிக்காத ஆள் என்று ஒருவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் இடப்பக்கம் இயற்பியல், வலப்பக்கம் மருத்துவம், மாடியில் பொருளாதாரம். கதவுக்குக் கதவு பெயர்ப்பலகை. பெயருக்குப் பின்னால் ரயில் பெட்டிகளைப் போலப் பட்டங்கள். அணுவைப் பிளக்கிறவர்கள் இருந்தார்கள். இதயத்தைத் திறந்து மூடுகிறவர்கள் இருந்தார்கள். அடுத்த வருஷத்து விலைவாசியை இந்த வருஷமே சொல்லிவிட்டு, அடுத்த வருஷம் அது ஏன் நடக்கவில்லை என்று விளக்குகிறவர்களும் இருந்தார்கள்.

இத்தனை அறிவும் ஒரு திங்கட்கிழமை காலையில் கீழ்த்தளத்து நடையில் வரிசை கட்டி நின்றது. ஆளுக்கொரு பழுப்புக் கவர் கையில். வரிசையின் முனையில் ஓர் அறை. அறைக்குள் ஊசல் ஐயா.

ஊசல் ஐயா முன்பு தண்ணீர் வடிகட்டும் கருவி விற்றுக்கொண்டிருந்தவர். தண்ணீரைவிட மனிதர்களை வடிகட்டுவது லாபம் என்று எப்போது கண்டுபிடித்தாரோ தெரியாது. இப்போது வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு, மேசையில் ஒட்டிய கவரை வைத்து, அதன்மேல் நூலில் கட்டிய ஒரு பித்தளைக் குண்டைத் தொங்கவிடுவார். குண்டு வலமாகச் சுழன்றால் உள்ளே இருக்கும் ஆராய்ச்சி உண்மை. பெரிய பத்திரிகையில் வரும், நிதி கிடைக்கும், பதவி உயரும். இடமாகச் சுழன்றால் ஆராய்ச்சியிலிருந்து கிளம்பும் அலை உடைந்துவிட்டது என்று அர்த்தம். உடைந்த அலையை ஒட்டவைக்க ஒரு செப்புத் தகடு உண்டு. வாசலில் உட்கார்ந்திருக்கும் ஐயாவின் மைத்துனரிடம் கிடைக்கும். அதற்கு விலை என்று சொல்லக் கூடாது. ஆய்வு ஒத்துழைப்புக் கட்டணம் என்று சொல்ல வேண்டும்.

வரிசையில் ஒரு சிறுநீரகப் பேராசிரியர் பின்னால் நின்றவரிடம் உருகிக்கொண்டிருந்தார்.

"என் கட்டுரையை ரெண்டு பத்திரிகை திருப்பி அனுப்பிடுச்சு சார். தகடு வாங்கி கம்ப்யூட்டருக்கு அடியில வெச்சேன். மூணாவது பத்திரிகை அப்படியே வாங்கிக்கிச்சு."

"நடுவுல ஏதாச்சும் மாத்துனீங்களா?"

"மாத்தாம இருப்பேனா, முழுசா திருப்பி எழுதினேன். ஆனா தகடு வெச்ச பிறகுதான் திருப்பி எழுதணும்னே தோணிச்சு."

கேட்டவர் இரண்டு தகடாக வாங்கிக்கொண்டார்.

ஜெயித்தால் ஊசல் சொன்னது பலித்தது. தோற்றால் கவரை நீட்டியவர் மனதில் சந்தேகம் இருந்தது. சந்தேகப்பட்ட கை நீட்டினால் ஊசல் குழம்பிவிடும். இப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் நானும் நீங்களும்கூட நாளைக்கே கடை திறக்கலாம். ஆனால் விஞ்ஞானிகளுக்கு விளக்கம் வேண்டுமே, அதையும் அவர்களே தயாரித்துக்கொண்டார்கள். இயற்பியல்காரர்கள் குவாண்டம் என்றார்கள். மருத்துவர்கள் உடல் மின்சாரம் என்றார்கள். பொருளாதாரக்காரர்கள், "இத்தனை பேர் காசு குடுக்கிறாங்கன்னா சரக்குல மதிப்பு இல்லாமயா இருக்கும்?" என்று கேட்டுவிட்டு வரிசையில் முன்னே நகர்ந்தார்கள்.

எல்லோரையும்விடப் பெரிய பக்தர் நிறுவனத்தின் இயக்குநர். அவருக்குத் தலைமுடி கறுப்பாக இருந்த நாளிலிருந்து ஒரே ஒரு ஆராய்ச்சிதான். 'அணு, சிறுநீரகம், சந்தை: மூன்றுக்கும் ஒரே சமன்பாடு' என்று அதற்குப் பெயர். அணுவுக்குள் நடப்பதும், சிறுநீரகத்துக்குள் நடப்பதும், சந்தைக்குள் நடப்பதும் ஒன்றே என்று அவர் நிரூபிக்கப் போகிறார். மூன்று துறைக்காரர்களும் அதைப் படித்துவிட்டு, மற்ற இரண்டு பகுதிகளும் பிரமாதம் என்று பாராட்டியிருந்தார்கள். அந்த இயக்குநர்தான் உத்தரவு போட்டார்: இனிமேல் எந்த ஆராய்ச்சி தொடரலாம், எது நிற்க வேண்டும் என்பதை ஊசல் முடிவுசெய்யும். சக விஞ்ஞானிகள் படித்துப் பார்த்து முடிவுசெய்தால் ஆறு மாதமாகிறது; ஊசலுக்கு அரை நிமிஷம் போதும். சிக்கனம் என்றால் இதுவல்லவோ சிக்கனம்.

மருத்துவப் பக்கத்தில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். நிறுவனத்தில் அவரை 'ஏன் டாக்டர்' என்பார்கள். மின்தூக்கி பழுது என்று எழுதி ஒட்டியிருந்தால்கூட ஏன் என்று கேட்பார். மாதம் நிறையாமல் பிறந்து மூச்சுக்குத் திணறும் குழந்தைகளுக்கு, பழைய மலிவான மருந்து ஒன்று உதவுமா என்பது அவருடைய ஆராய்ச்சி. பாதிக் குழந்தைகளுக்கு அந்த மருந்து, பாதிக் குழந்தைகளுக்கு வழக்கமான சிகிச்சை. பலன் உண்டென்றால் எங்கெங்கோ பிறக்கும் பிள்ளைகள் பிழைக்கும். பலன் இல்லையென்றால் அதையும் தெரிந்துகொண்டாக வேண்டும். பாதி தூரம் வந்திருந்தார்.

அவர் கவரோடு போனபோது வாசலில் மைத்துனர் அன்பாக விசாரித்தார்.

"எப்படிம்மா போகுது உங்க ஆராய்ச்சி?"

"பாதிதான் முடிஞ்சிருக்கு. பலிக்குமா பலிக்காதான்னு இப்பவே சொல்ல முடியாது."

அந்த வாசலில் உண்மையைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். மற்றவர்கள் எல்லோரும் "பிரமாதமா போகுது" என்றோ "சரியா வரல" என்றோ கொட்டிவிட்டுப் போகிறவர்கள். மைத்துனர் கவரை வாங்கி, இடது கையால் உள்ளே நீட்டினார். குண்டு இடமாகச் சுழன்றது. ஊசல் ஐயா கண்ணை மூடிக்கொண்டு, "அழுகின அலை" என்றார்.

மறுநாளே ஓலை வந்தது. வெள்ளிக்கிழமைப் பொதுக்கூட்டத்தில் ஏன் டாக்டரின் ஆராய்ச்சி, எல்லோர் முன்னிலும் மறுபடி ஊசல் பார்த்து, முறைப்படி மூடப்படும். வார்டு காலி செய்யப்பட்டு அங்கே ஊசல் ஐயாவின் அலை மையம் அமையும். அதே மேடையில் இயக்குநரின் சமன்பாட்டுக்கு ஊசல் பார்த்து உலகத்துக்கு அறிவிக்கப்படும்.

வார்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குழந்தை படுத்திருந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவுதான். அதன் அம்மா எழுந்து வந்தாள்.

"டாக்டர், இதையெல்லாம் நிறுத்திடப் போறாங்கன்னு சொல்றாங்களே. ஏன் டாக்டர்?"

ஊரையே ஏன் கேட்டவரை அன்று ஒரு ஏன் வந்து கேட்டது. நூலில் தொங்கும் ஒரு குண்டு இடப்பக்கம் சுழன்றது என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? அவருக்கு அவமானமாக இருந்தது. அவமானம் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் கோபமாகிவிட்டது.

வீடு என்று சொன்னேன் அல்லவா, அங்கே ஒரு வேடிக்கை. அவருடைய கணவர் அதே நிறுவனத்தில் பொருளாதாரப் பேராசிரியர். அண்ணன் அங்கேயே இயற்பியல் துறைத் தலைவர். அன்று அண்ணனும் சாப்பிட வந்திருந்தார். ஆக, ஒரே சாப்பாட்டு மேசையில் மூன்று துறைகளும் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தன.

"இந்த ஊசலை யாராவது சோதிச்சுப் பார்த்தாங்களா?" என்று கேட்டார் ஏன் டாக்டர்.

"பார்க்காம விடுவாங்களா? இயற்பியல்ல கருவி வெச்சு அளந்தாங்களாமே. மச்சான் துறைதான்" என்றார் கணவர், தண்ணீரை ஊற்றிக்கொண்டே.

அண்ணன் நிமிர்ந்தார். "எங்க துறையா? நாங்க ஒண்ணும் அளக்கலையே மாப்ள. மருத்துவத்துல நோயாளிகளை வெச்சு சோதிச்சு முடிச்சாச்சுன்னு சொன்னாங்க. அதான் நாங்க சும்மா இருந்துட்டோம்."

"எங்க தலைவர்கிட்ட இன்னைக்குத்தான் கேட்டேன்" என்றார் ஏன் டாக்டர். "மருத்துவத்துல எதுக்கு வீணா சோதிக்கணும், பொருளாதாரத்துல புள்ளிவிவரம் போட்டுப் பார்த்துட்டாங்க, உன் வீட்டுக்காரரேதான் போட்டாருன்னு சொன்னாரு."

கணவரின் கையில் குவளை நின்றது. "நானா?"

"நீங்கதான்."

"நான் எதுக்குப் போடப் போறேன், இயற்பியல்லதான் அளந்துட்டாங்களே."

சொல்லி முடித்ததும் அவருக்கே கேட்டுவிட்டது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூன்று வீட்டுக்காரர்களும் கதவைப் பூட்டியது அடுத்தவர் என்று நினைத்துத் தூங்கப் போன மாதிரி இருந்தது கதை. இவர்கள் ஒருவர் கட்டுரையை இன்னொருவர் மேற்கோள் காட்டியே வாழ்ந்து பழகியவர்கள். அந்தப் பழக்கம் இங்கேயும் கைகொடுத்துவிட்டது.

"இருந்தாலும்," என்றார் கணவர், "இத்தனை பேர் நம்புறாங்க. எல்லாருமா முட்டாளா இருப்பாங்க?"

"எல்லாரும் இதையேதான் நினைச்சுக்கிட்டிருக்காங்க" என்றார் ஏன் டாக்டர்.

கணவர் மசியவில்லை. அண்ணனுக்கு மட்டும் உறுத்தியது. மறுநாள் காலை வெற்றுக் காகிதங்களை ஒரு கவரில் போட்டு ஒட்டிக்கொண்டு போனார். வாசலில் மைத்துனர் நலம் விசாரித்தபோது, "பெரிய கண்டுபிடிப்பு, தூக்கமே வரல" என்று அளந்துவிட்டார். குண்டு வலமாகச் சுழன்ற வேகத்தில் காற்று வந்தது. 'ஆழமான உள்ளடக்கம்' என்றார் ஊசல் ஐயா. 'ஒரு வரியைக்கூட நீக்க வேண்டாம்' என்றும் சேர்த்துக்கொண்டார்.

அண்ணன் நேராகத் தங்கையின் அறைக்கு வந்து நாற்காலியில் சரிந்தார்.

"ஒரு வரியையும் நீக்கக் கூடாதாம் பாப்பா. ஒரு வரி இருந்தாத்தானே நீக்கறதுக்கு."

"அப்ப எல்லார்கிட்டயும் போய் சொல்லுண்ணா."

"சொன்னா என்ன சொல்வாங்க? சந்தேகத்தோட நீட்டினான், அலை குழம்பிடுச்சுன்னுவாங்க. நம்மள மாதிரி ஆளுங்க நீட்டினா செல்லாது."

ஏன் டாக்டர் யோசித்தார். பிறகு சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல்முறை.

"அப்ப சந்தேகமே படாத ஆளு நீட்டட்டும். அவருக்கே தெரியாம."

இதற்கு வழி ஊசல் ஐயாவே போட்டுவைத்திருந்தார். பொதுக்கூட்டத்தில் பார்க்கப்படும் கவர்கள் முந்தின நாள் மாலையிலேயே வந்து, செப்புத் தகட்டின்மேல் ஓர் இரவு ஊற வேண்டும். மேலே பெயர் எழுதக் கூடாது, மை அலையை உறிஞ்சிவிடும். எல்லாம் ஒரே அளவு, ஒரே பழுப்பு. ஊறப்போடும் இரும்பு அலமாரி இயற்பியல் துறையில் இருந்தது. அதன் சாவி அண்ணன் சட்டைப்பையில் இருந்தது. மறுநாள் மேடையில் கவரை எடுத்து உரியவர் கையில் கொடுக்கும் பொறுப்பும் அவருக்குத்தான்.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிரம்பி வழிந்தது. உட்கார இடமில்லாமல் இதய நிபுணர்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஊசல் ஐயா மேடையேறியபோது எழுந்த மாதிரியான கைதட்டலை, பாவம், எந்தக் கண்டுபிடிப்புக்கும் அந்தச் சுவர்கள் கேட்டதில்லை. அவர் நூலை உயர்த்தினார். இந்தக் குண்டு எங்கோ விண்ணிலிருந்து விழுந்த உலோகம் என்று ஒருமுறை நினைவுபடுத்தினார்.

தொடங்குவதற்கு முன் ஏன் டாக்டர் எழுந்தார். வார்டை இழக்கப் போகிறவர் என்பதால் சபை இரக்கத்தோடு அனுமதித்தது.

"ஒரே ஒரு சந்தேகம்... சந்தேகம் இல்லைங்க, விளக்கம். அலை காகிதத்துல இருக்கா, நீட்டுற ஆள்கிட்ட இருக்கா?"

"காகிதத்துலதாம்மா" என்றார் ஊசல் ஐயா. "உண்மை எழுத்துல இருக்கும். ஆளுல என்ன இருக்கு?"

"அப்ப ஒரே ஆராய்ச்சிக்கு இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணுன்னு வராது?"

"ஊசல் என்ன வானிலை அறிக்கையா, மாத்தி மாத்திச் சொல்ல?"

சபை சிரித்தது. ஏன் டாக்டரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

முதலில் வந்தது அவருடைய கணவர். உலகப் பொருளாதாரம் எந்தத் திசையில் போகும் என்ற தன் கணிப்பை ஒட்டிக் கொடுத்திருந்தார். பக்தியோடு கவரை நீட்டினார். வாசலில் அவர் பெருமையடித்ததை ஏற்கெனவே கேட்டுவைத்திருந்த மைத்துனர், வலது கையால் கவரை மேசையில் வைத்தார். குண்டு வலமாகச் சுழன்றது.

"பிரிச்சுப் படிங்க, ஊர் கேக்கட்டும்" என்றார் ஊசல் ஐயா.

கணவர் கவரைக் கிழித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒலிபெருக்கியில் கணீரென்று படித்தார். "கனமான துணிகளையும் மெல்லிய துணிகளையும் சேர்த்துப் போட வேண்டாம். இயந்திரம் சுழலும்போது மூடியைத் திறக்க..." அதோடு குரல் நின்றது. அவர் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்தோடு வந்த குறிப்புத் தாள் அது. அவர் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கவர் மாறியிருக்கும், அலை மாறல" என்று சமாளித்தார் ஊசல் ஐயா. "அந்தத் தாள்ல இருக்கறதும் உண்மைதானே?" சபையில் பாதிப் பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். படித்தவர்களை ஏமாற்றுவது சுலபம் என்று சொல்வது இதனால்தான். நியாயம் கண்டுபிடிக்கிற வேலையையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

அடுத்து இயக்குநர். கவரை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். கண் கலங்கியிருந்தது. குண்டு வலமாகச் சுழன்றது பாருங்கள், ஊசல் ஐயாவின் மணிக்கட்டே மறைந்துபோனது.

"இதுமாதிரி அலையை நான் பார்த்ததே இல்ல" என்றார் ஐயா தழுதழுத்த குரலில். "மனுஷ குலமே இதுக்குக் கடன்பட்டிருக்கு. இந்த ஆராய்ச்சியை எவன் தடுத்தாலும் அவன் பாவி."

அரங்கம் எழுந்து நின்று தட்டியது. கடைசியில் ஏன் டாக்டர் போய்த் தன் கவரை நீட்டினார். மைத்துனர் இடது கையால் வாங்கினார். குண்டு இடமாகச் சுழன்றது. ஊசல் ஐயா மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்குச் சொன்னேன், இன்னைக்கும் சொல்றேன். அழுகின அலை. எழுதினவங்களுக்கே இதுல ஒண்ணும் புரியல. இதைக் கிழிச்சுப் போடறது புண்ணியம்."

"எழுதினது யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்."

"இயக்குநர் சார்," என்றார் ஏன் டாக்டர், "ரெண்டையும் நீங்களே பிரிச்சுப் படிச்சுடுங்க. உங்க கையாலயே முடிஞ்சுடட்டும்."

இயக்குநர் பெருந்தன்மையோடு தன் கவரை முதலில் பிரித்தார். 'குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத் திணறலுக்கு...' என்று ஆரம்பித்தது அது. நெற்றியைச் சுருக்கினார். அவசரமாக மற்றதைப் பிரித்தார். 'அணு, சிறுநீரகம், சந்தை' என்ற முதல் மூன்று சொற்களுக்கு மேல் அவரால் படிக்க முடியவில்லை.

ஊசல் ஐயாவின் விரலில் குண்டு எந்தப் பக்கமும் போகாமல் தொங்கியது. அன்று அது சொன்ன ஒரே உண்மை அதுதான்.

"யாரோ சந்தேகப்பட்ட கை..." என்று ஆரம்பித்தார் ஐயா.

"நீட்டினது இயக்குநர் கை" என்றார் ஏன் டாக்டர். "ஐயாவைச் சந்தேகப்பட்டீங்களா சார் நீங்க?"

"நானா? கனவுலகூட இல்ல" என்றார் இயக்குநர்.

"அப்ப ஊசல் சரியாத்தான் சொல்லியிருக்கணும். குழந்தைங்க ஆராய்ச்சி மனுஷ குலத்துக்கு வேணும். உங்க சமன்பாட்டைக் கிழிச்சுப் போடணும். இல்ல, ஊசல் சொன்னது தப்பு. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க. எனக்கு எதுவா இருந்தாலும் சம்மதம்."

இயக்குநர் ஊசலைப் பார்த்தார். தன் வாழ்நாள் உழைப்பைப் பார்த்தார். பகுத்தறிவு அவரிடம் வந்து பல வருஷம் கதவைத் தட்டியும் திறக்காத மனது, தற்பெருமை ஒரு தட்டுத் தட்டியதும் திறந்துகொண்டது.

"யோவ்," என்றார் ஊசல் ஐயாவிடம், "என் சமன்பாடு அழுகினதா?"

"ஊசல்தாங்க சொல்லிச்சு, நான் சொல்லல..."

"எங்க, அதை இங்க குடு."

பறித்த குண்டைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். விண்ணிலிருந்து விழுந்த உலோகத்தின் அடியில் இரும்புச் சாமான் கடை ஒன்றின் முத்திரை இருந்தது. சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் தொங்கவிடும் தூக்குக்குண்டு. மைத்துனரைத் தேடினார்கள். அவர் தகடுப் பெட்டியோடு பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தார். இரண்டு கையும் நிறைந்திருந்ததால் வலம் எது இடம் எது என்று சைகை காட்ட வழியில்லை. ஐயாவை மட்டும் பிடித்துக் காவல் நிலையத்துக்கு அனுப்பினார்கள். போகும்போதும் அவர், "சந்தேகப்பட்டுட்டீங்களே" என்று வருத்தப்பட்டுக்கொண்டுதான் போனார்.

ஏன் டாக்டர் வார்டுக்கு ஓடினார். நடையில் ஓடக் கூடாது என்ற பலகை அவர் கண்ணில் படவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவிடம், "நிறுத்தலம்மா. தொடருது" என்றார். மருந்து பலிக்குமா என்று அப்போதும் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழி திரும்பக் கிடைத்துவிட்டது, அது போதும் என்று இருந்தது. அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை தன் பாட்டுக்குக் கொட்டாவி விட்டது.

இப்போது நிறுவனத்தில் யாரைக் கேட்டாலும், "எனக்கு முதல்லேருந்தே சந்தேகம்தான்" என்கிறார்கள். இயக்குநர் ஒருபடி மேலே போய், அந்தச் சோதனையே தன் யோசனை என்கிறார். கணவர் துணி துவைக்கும் இயந்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கீழ்த்தளத்து அறை வெகுநாள் காலியாக இல்லை. போன வாரம் யாரோ ஒருவர் அங்கே மேசை போட்டிருக்கிறார். கட்டுரையின் பக்கத்தை மோந்து பார்த்தே எதிர்காலம் சொல்வாராம். வரிசை மாடிப்படி வரைக்கும் வந்துவிட்டது. வெளிநாட்டில் எல்லாம் சோதித்துப் பார்த்தாகிவிட்டதாம்.

அந்தப் பிள்ளைகளுக்கான ஆராய்ச்சியை அன்று காப்பாற்றியது ஓர் இயக்குநரின் வீம்பு. வீம்பு எல்லா நாளும் நம் பக்கம் நிற்காது. ஆகவே ஐயாமாரே, அம்மாமாரே, 'சோதித்துப் பார்த்தாகிவிட்டது' என்று உங்களிடம் யார் சொன்னாலும், எத்தனை பட்டம் வாங்கியவர் சொன்னாலும், 'யார் சோதித்தது?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அதற்குக் கவர் வேண்டாம், தகடு வேண்டாம், கழுத்துக்கு மேலே இருப்பதைக் கொஞ்சம் அசைத்தால் போதும். அது எந்தப் பக்கம் அசைந்தாலும் பரவாயில்லை.